டிரைவர் அண்ணன்மாருக்கு, பாட்டு விஷயமாக

கோவில்பட்டி வட்டாரத்தில் மினிபஸ், தனியார் பஸ், தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஓட்டுகிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்:

எனக்கு வீடு கோவில்பட்டியில், வேலை விளாத்திகுளத்தில். காலையில் எட்டயபுரம் வழியாகப் போய், சாயங்காலம் அதே வழியில் திரும்புகிறவள். வருஷக்கணக்காக உங்கள் வண்டிகளில் உட்கார்ந்து நீங்கள் போட்ட பாட்டைக் கேட்டுவந்தவள் என்கிற உரிமையில் இதை எழுதுகிறேன். வண்டி ஓட்டுவதில் உங்களிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. டேஷ்போர்டில் சொருகியிருக்கிற அந்தப் பென்டிரைவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பாட்டு என்ன பெரிய விஷயம், தூக்கம் வராமல் இருக்க ஏதோ ஒன்று ஓடுகிறது என்று நீங்கள் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறுகிற பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டோடு எழுந்து, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்குவாளியோடு ஊர் விலக்கில் வந்து நிற்கிறார்கள். ஆபீஸில் இறங்கினால் பெட்டிக் கணக்குக் கூலி; கை நின்றால் காசு நின்றுபோகும். வீட்டுக்குத் திரும்பினால் மறுபடியும் அடுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில், யாருக்கும் பதில் சொல்லாமல் கையைச் சும்மா மடியில் போட்டு உட்கார முடிகிற நேரம் என்று அவர்களுக்கு ஒன்று உண்டென்றால், அது உங்கள் வேனில் போகிற அந்த முக்கால் மணி நேரம்தான். என் அம்மாவும் குச்சி அடுக்கப் போனவள். “வேன்ல கேட்ட கடைசிப் பாட்டு, மத்தியானச் சோத்து வரைக்கும் கையிலேயே ஓடிக்கிட்டுக் கெடக்கும்” என்பாள். அந்தக் கடைசிப் பாட்டு எது என்று முடிவு செய்கிறவர் நீங்கள். ரேடியோ நிலையத்தாருக்குக்கூட அவ்வளவு அதிகாரம் கிடையாது. பிடிக்காவிட்டால் கேட்கிறவர் ரேடியோவை அணைத்துவிடலாம். ஓடுகிற வேனில் அது நடக்காது.

பூமணி எடுத்த ‘கருவேலம் பூக்கள்’ படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பிள்ளைகளின் கதை அது. ஒரு காலத்தில் விடியுமுன்னே ஊர் ஊராக வந்து நின்ற ஆபீஸ் பஸ்கள் பச்சைப் பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிக்கொண்டு போயின. அப்படி ஏறியவர்களில் சிலர்தான் இன்றைக்கு உங்கள் வேனில் வருகிற மூத்த அக்காமார். அவர்கள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடினால், அந்த ஐந்து நிமிஷத்துக்காகவாவது சத்தத்தைக் குறையுங்கள்.

வழிக்குப் பாட்டு என்பது இந்தப் பக்கத்தின் பழைய பழக்கம். கால்நடையாகப் போன காலத்தில் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடிக்கொண்டு போவதற்கென்றே தமிழில் வழிநடைச் சிந்து என்று ஒரு வகை இருந்தது. போகிற வழியில் தென்படுகிற ஊரும் குளமும் சோலையும் கோயிலும் பாட்டுக்குள் வந்துவிடும். கூட வருகிறவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நடப்பதாகப் பாட்டுப் போகும்.

நம் கழுகுமலைக்கும் அப்படி ஒரு நடைப்பாட்டு உண்டு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர், கழுகுமலை முருகன்மேல் காவடிச் சிந்து பாடினார். முப்பது வயதைத் தொடாமலே 1891-இல் இறந்துபோனவர் அவர். காவடி எடுத்து நடக்கிறவனின் நிலையை யோசித்துப் பாருங்கள். தோளில் பாரம், காலில் செருப்பு கிடையாது, கீழே பங்குனி வெயிலில் கொதிக்கிற கரிசல். அந்த நடைக்குத் தோதாகத்தான் தாளம் கட்டியிருக்கிறார். அடிக்கு அடி கடைசியில் ஒரே ஓசை வந்து விழும். அந்த ஓசை விழுகிற இடத்தில் கால் தானாக அடுத்த எட்டு வைக்கும். சொல் அடுக்கில் அவர் காட்டிய வித்தையைப் புலவர்கள் மெச்சினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத சம்சாரிகளும் அதையே மனப்பாடமாகப் பாடிக்கொண்டு மலைக்கு நடந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை வழியாகச் சங்கரன்கோவிலுக்கு வண்டி விடுகிற அண்ணன்மாரே, நீங்கள் தினமும் ஓட்டுகிற ரோட்டுக்கு ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்கிறது. பாட்டுக் கச்சேரிகளில் துக்கடாவாகப் பாடிப் பதிவான காவடிச் சிந்துகள் தாராளமாகக் கிடைக்கின்றன. உங்கள் பென்டிரைவில் அவற்றுக்கு ஏன் இடமில்லை?

நான் போகிற வழிக்கும் இருக்கிறது. முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரத்துக்கு வந்த வழியில், மழை இல்லாமல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நிலத்தையும் வாடிக் கிடந்த சனங்களையும் பார்த்து மனசு கேளாமல் அமிர்தவர்ஷினி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்று காலம் காலமாகச் சொல்லிவருகிறார்கள். செவிவழிக் கதைதான். ஆனால் தீட்சிதர் 1835-இல் காலமானது எட்டயபுரத்தில் என்பதும், அவர் சமாதி அங்கே இருப்பதும் கதை இல்லை. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தவர். கர்நாடக இசைக்குள் வயலினைக் கொண்டுவந்தவர் என்று பேர் பெற்றவர். அந்தக் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்கிற பெரிய புத்தகத்தை அச்சிட்டதும் அந்த ஊரில்தான். தீட்சிதர் கிருதிகளை ஸ்வரம் பிசகாமல் பாட நினைக்கிற எந்த வித்வானும் இன்றைக்கும் அந்தப் புத்தகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். எட்டயபுரம் என்றால் பாரதி வீடு என்று கை காட்டுகிறோம். காட்ட வேண்டியதுதான். பஸ் நிற்கிற அந்த இரண்டு நிமிஷத்தில் தீட்சிதரையும் சேர்த்து நினைக்க ஒரு பாட்டுப் போதும்.

அந்தப் பஸ் கடைசியாகப் போய் நிற்கிற விளாத்திகுளம், நல்லப்ப சுவாமிகளின் ஊர் (1889–1965). ராக ஆலாபனைக்கு அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெரிய வித்வான்களே ஒப்புக்கொண்ட மனிதர். இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் சங்கீதப் பித்துப் பிடித்து அவரிடம் போய்க் கிடந்ததற்கு, அவர்கள் எழுத்தே சாட்சி. வானம் பார்த்த பூமி, மானாவாரி, உளுந்தும் பாசியும் மல்லியும் வத்தலும் தவிர என்ன விளையும் இங்கே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சங்கீதம் விளைந்திருக்கிறது. நமக்கே அது தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது.

பருத்தி ஏற்றிக்கொண்டு ராத்திரியில் வண்டி பூட்டிப் போனவர்கள் தெம்மாங்கு பாடினார்கள். பிறகு டீக்கடை வாசலில் இலங்கை வானொலி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரலெல்லாம் கடல் தாண்டி வந்தும் துல்லியமாகக் கேட்ட கரை இது. அதற்குப் பிறகு பஸ்ஸில் டேப் ரிக்கார்டர். ரெக்கார்டிங் சென்டரில் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, அறுபது நிமிஷக் கேசட்டா தொண்ணூறா என்று கேட்டுப் பதிந்து வாங்கிய டிரைவர்கள் அன்றைக்கு இருந்தார்கள். அந்த வரிசை எழுதுவதில் ஒரு கவனம் இருந்தது. முதல் பாட்டு பக்திப் பாட்டு, வெயில் ஏறும்போது என்ன, திரும்பி வரும்போது என்ன என்று யோசித்து எழுதுவார்கள். 1997-இல் மினிபஸ் திட்டம் வந்தபோது, அதுவரை பஸ்ஸையே பார்க்காத கரிசல் குக்கிராமங்களுக்குப் பஸ்ஸும் பாட்டும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. இளையராஜா பாட்டுக்காகவே முந்தின வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நின்ற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு மொபைல் கடையில் ஆயிரம் பாட்டை மொத்தமாக ஏற்றித் தருகிறார்கள். வரிசை எழுதுகிற கை போய்விட்டது. கடைக்காரத் தம்பியின் கம்ப்யூட்டரில் என்ன கிடந்ததோ அது ஓடுகிறது.

இனி காருகுறிச்சியாரிடம் வருகிறேன். இந்தக் கடிதத்தையே அவருக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் காருகுறிச்சியில் 1921-இல் பிறந்த அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சேர்ந்து, அவர் பக்கத்தில் நின்று வாசித்து வளர்ந்தார். பிறகு கோவில்பட்டியைத் தன் ஊராக்கிக்கொண்டார். பட்டிதொட்டிகளில் கலியாணம், கொடை, திருவிழா என்று வாசித்தார்; பெரிய சபைகளிலும் வாசித்தார். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் ஜானகி அம்மா குரலும் இவர் நாதஸ்வரமும் மாறி மாறிப் போகிற அந்த ஆபேரி ராகப் பாட்டைக் கேட்காத தமிழர் குறைவு. இரண்டே வருஷத்தில், 1964-இல், நாற்பத்து மூன்றாவது வயதில் போய்விட்டார். அவர் வாழ்ந்த ஊரில், அவர் போய்வந்த அதே ரோடுகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் நீங்கள்.

போன ஐப்பசியில் ஒரு நாள், எட்டயபுரம் தாண்டியதும் ஒரு டிரைவர் தம்பி அந்த ஆபேரியைப் போட்டார். எப்படி அவர் பென்டிரைவில் வந்து விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு பக்கமும் மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. எனக்கு முன் சீட்டில் மல்லிச் சாக்கை மடியோடு அணைத்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, நாதஸ்வரம் எடுத்ததும் நிமிர்ந்தாள். “இது நம்ம காருகுறிச்சில்லா!” என்றாள், வண்டிக்கே கேட்கிற மாதிரி. சின்னப் பிள்ளையில் பக்கத்து ஊர்க் கலியாணத்துக்கு அவர் வாசிக்க வந்ததையும், பொம்பளைப் பிள்ளைகளெல்லாம் தெரு மணலில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்டதையும் சொன்னாள். கண்டக்டர் டிக்கெட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். காலேஜ் பிள்ளை ஒருத்தி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். பாட்டு முடிந்ததும் பாட்டி டிரைவரிடம், “இன்னொருக்காப் போடுய்யா” என்றாள். அவரும் போட்டார். அந்தத் தம்பி இதைப் படித்தால், அன்றைக்கு நீங்கள் ஒரு வண்டி நிறைய ஆட்களுக்குச் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அன்றைக்குக் கவனித்தேன். அவர் சத்தத்தைக் கூட்டவே இல்லை. கடைசி சீட்டு வரை ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாகக் கேட்டது. காரணம் இருக்கிறது. டீசல் இன்ஜின் உறுமுவது அடிக்குரலில். நீங்கள் பாஸைக் கூட்டி வைக்கும்போது பாட்டின் அடிச் சத்தமும் இன்ஜின் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, பாடுகிறவர் குரல் அமுங்கிப்போகிறது. குரல் கேட்கவில்லையே என்று மேலும் சத்தத்தைக் கூட்டுகிறீர்கள். கடைசி சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கர் பெட்டி இருக்கிற வண்டியில் அங்கே உட்கார்ந்தவர்களுக்கு நெஞ்சு அதிர்கிறது, சொல் ஒன்றும் புரிவதில்லை. நாதஸ்வரமோ மைக் இல்லாத காலத்திலேயே நாலு வீதிக்குக் கேட்க வேண்டும் என்று செய்த வாத்தியம். அதன் ஓசை இன்ஜின் உறுமலுக்கு மேலே ஏறி நிற்கும். ஆகவே பாஸைக் குறைத்து டிரெபிளைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். எந்தப் பாட்டானாலும் பாதிச் சத்தத்தில் சொல் புரியும். பின்னால் வருகிற ஹாரனும் உங்கள் காதில் விழும். ஓட்டிக்கொண்டே போனில் பாட்டுத் தேடாதீர்கள் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்துச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சில வண்டிகளில் சாதிப் பாட்டு ஓடுகிறது. எங்கள் வம்சம் ஆண்ட வம்சம், எங்களைத் தொட்டால் அரிவாள் பேசும் என்கிற மாதிரிப் பாட்டு. குறிப்பிட்ட ஊர் வரும்போது, குறிப்பிட்ட தலைவரின் குருபூஜை நெருங்கும்போது, சத்தத்தைக் கூட்டியும் வைக்கிறார்கள். அந்த நேரம் உள்ளே இருக்கிற கண்ணாடியில் பாருங்கள். அதுவரை ஒரே தூக்குவாளியில் ஊறுகாயைப் பங்கு போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவாள். அவள் இறங்கவும் முடியாது, நிறுத்தச் சொல்லவும் முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிற வண்டியில் இது இன்னும் கொடுமை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு நீதியரசர் சந்துருவை வைத்து ஒரு குழு போட்டு, மாணவர்களிடையே சாதி உணர்வு எப்படி ஏறுகிறது என்று ஆராய வேண்டிய நிலைமை வந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற கலர்க் கயிற்றைப் பற்றியெல்லாம் பேசினோம். காதில் ஏறுகிற பாட்டைப் பற்றியும் பேச வேண்டும். இந்தப் பிள்ளைகளின் காலையும் சாயங்காலமும் உங்கள் கையில் இருக்கின்றன.

சாதி பார்க்கிற இந்தச் சமூகம் நாதஸ்வரக்காரர்களுக்கும் மரியாதையைச் சும்மா கொடுத்துவிடவில்லை. சட்டை போட்டுக்கொண்டு, மேடையில் உட்கார்ந்து வாசிக்கிற உரிமையை ராஜரத்தினம் பிள்ளை சண்டை போட்டுத்தான் நிலைநாட்டினார். அந்த மேடை அவர் சிஷ்யருக்கும் கிடைத்தது. அதனால்தான் அந்தப் பாட்டி யார் வீட்டுப் பாட்டி என்று கேட்காமல் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற இசை நமக்கு மிச்சமிருக்கிறது. அதை விட்டுவிட்டு அரிவாள் பாட்டு எதற்கு?

பெண்களைக் கேவலப்படுத்துகிற இரட்டை அர்த்தப் பாட்டையும் எடுத்துவிடுங்கள். வண்டியில் முக்கால்வாசி நாங்கள்தான். கேட்டும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பதால் எங்களுக்குச் சம்மதம் என்று ஆகிவிடாது.

குத்துப் பாட்டே போடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. சாயங்கால ட்ரிப்பில், கூலி வாங்கின சனிக்கிழமையில், நல்ல குத்துப் பாட்டுக்கு அக்காமார் கைதட்டிச் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்ப்பதே சந்தோஷம். காலையில் மட்டும் வேறு மாதிரி வேண்டும். முதல் கால் மணி நேரம் மெதுவாக எதையாவது போடுங்கள், தூங்குகிறவர்கள் தூங்கட்டும். ஊர்கள் முடிந்து மெயின் ரோடு ஏறியதும் ஒரு காவடிச் சிந்தோ ஒரு காருகுறிச்சியோ. அதற்குப் பிறகு உங்கள் விருப்பம். வாரத்தில் ஒரு நாளாவது பாட்டு வரிசையை வண்டியில் வருகிறவர்களிடம் விட்டுப் பாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு முதலில் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது வாரம் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்.

காருகுறிச்சியாரின் கச்சேரிப் பதிவுகளில் பஸ்ஸுக்கு ஒத்துவருகிற அளவில் சிலவற்றையும், நல்ல குரல்களில் காவடிச் சிந்துகளையும், அமிர்தவர்ஷினியில் ஒரு கிருதியையும் நானே தேர்ந்தெடுத்து ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் காலையில் விளாத்திகுளம் வண்டி நிற்கிற இடத்தில் இருப்பேன். யார் வேண்டுமானாலும் வாங்கிப் பதிந்துகொண்டு திருப்பித் தரலாம். பதிலுக்கு எனக்கு ஒன்று தெரிய வேண்டும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வேன் கிளம்பியதும், உங்கள் வண்டியில் அக்காமார் முதன்முதலாகக் கேட்கிற பாட்டு எது? ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒன்று இருக்கும் என்று எனக்கு நிச்சயம். கயத்தாறு ரூட்டில் ஒன்று, கடம்பூர் ரூட்டில் ஒன்று, சாத்தூர்ப் பக்கம் வேறொன்று. ஒரு துண்டுத்தாளில் ரூட்டின் பேரும் பாட்டின் பேரும் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வண்டியில் வருகிற ஒரு தங்கச்சி,
கோவில்பட்டி